கவர் 1-லேயே கழன்றுவிடும் டெண்டர்: என்ன செய்யலாம்?

கேள்வி: ஈரோடு மாவட்டத்தில் பேவர் பிளாக் தயாரிக்கும் சிறு யூனிட் வைத்திருக்கிறேன். உத்யம் (சிறுதொழில்) பதிவும் ஜிஎஸ்டியும் உண்டு. நகராட்சி, பேரூராட்சி வேலை எடுக்கும் கான்ட்ராக்டர்களுக்குக் கல் சப்ளை செய்து, ஆள் வைத்துப் பதித்தும் கொடுக்கிறேன். அவர்களுக்குப் பில் பாஸான பிறகுதான் எனக்குப் பணம். நேரடியாகவே எடுக்கலாம் என்று மூன்று டெண்டர் போட்டேன். இரண்டு, தகுதி ஆவணங்களைப் பார்க்கும் டெக்னிக்கல் கட்டத்திலேயே (கவர் 1) தள்ளுபடி, மூன்றாவதில் எல்-3, அதாவது குறைந்த விலை வரிசையில் மூன்றாமிடம். அறிவிப்பு வந்ததே சில நேரம் கடைசி நாளில்தான் தெரிகிறது. ‘உள்ளே தெரிந்த ஆள் இல்லாமல் இதில் நுழைய முடியாது’ என்கிறார்கள். உண்மையா?
– வாசகர், ஈரோடு மாவட்டம்

பதில்: பாதி உண்மை. மீதிப் பாதி உங்கள் கையில் இருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் ஆளைத் தேடிப் போவதில் பயனில்லை.

முதலில் அந்த இரண்டு தள்ளுபடிகளைப் பார்ப்போம். காரணத்தை நீங்கள் எழுதவில்லை. பெரும்பாலும் அது அனுபவச் சான்றாகத்தான் இருக்கும். நீங்கள் எத்தனை தெருக்களுக்குக் கல் பதித்திருந்தாலும் வேலை உத்தரவு கான்ட்ராக்டர் பேரில் இருக்கிறது. வேலையை அளந்து பதியும் அளவுப் புத்தகத்தில் (எம்-புக்) இருப்பதும் அவர் பேர்தான். துறையின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாத சப்-கான்ட்ராக்ட் வேலையை அனுபவமாகக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். கான்ட்ராக்டர் லெட்டர்பேடில் வாங்கிய கடிதத்தை இணைத்திருந்தால் தள்ளியதில் வியப்பில்லை.

இதற்கு வழி, அனுபவம் கேட்காத அளவுக்குச் சின்ன வேலைகளில் தொடங்குவது. ஒப்பந்ததாரராகப் பதிவு செய்தால், உங்கள் பதிவு வகுப்புக்கு (கிளாஸ்) உரிய தொகை வரம்புக்குள் வரும் பல வேலைகளுக்குப் பதிவுச் சான்றும் சொத்து மதிப்புச் சான்றும் போதும். எந்தத் துறையின் பதிவை ஏற்பார்கள் என்பது உள்ளாட்சிக்கு உள்ளாட்சி மாறும். நீங்கள் குறிவைக்கும் நகராட்சியின் பழைய டெண்டர் ஆவணம் ஒன்றைப் படித்துவிட்டே பதிவுக்கு மனுப் போடுங்கள். தனியார் வேலையும் சில இடங்களில் செல்லும். ஒரு மில்லுக்கோ கல்லூரிக்கோ பதித்திருந்தால் வேலை உத்தரவு, ஜிஎஸ்டி பில், அவர்கள் பிடித்த டிடிஎஸ் பதிவு மூன்றையும் சேர்த்துக் காட்ட வேண்டும். வெறும் பாராட்டுக் கடிதம் எடுபடாது.

அனுபவம் காரணமில்லை என்றால் காகிதத்தில் ஏதோ இடித்திருக்கும். பான் அட்டையில் உங்கள் பேர், ஜிஎஸ்டியில் கடைப் பேர், பதிவுச் சான்றில் இன்னொரு எழுத்துக்கூட்டல் என்றிருப்பது சகஜம். நிறுவனமும் உரிமையாளரும் ஒன்றே என்று காட்டும் ஒரு நோட்டரி உறுதிமொழியை நிரந்தரமாக வைத்துக்கொள்ளுங்கள். ஆடிட்டர் தரும் விற்றுமுதல் சான்றில் 18 இலக்க யுடிஐஎன் எண் (ஆடிட்டர் சான்றின் அடையாள எண்) இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் செல்லாது. சொத்து மதிப்புச் சான்றின் தேதி, டெண்டருடன் கட்டும் வைப்புத்தொகை டிடி யார் பேருக்கு எடுக்கப்பட்டது (ஆணையரா, செயல் அலுவலரா), ஸ்கேன் படிக்கும்படி இருக்கிறதா என்பவை அடுத்தது. டிடியின் அசலை நேரில் கொடுக்கச் சொல்லியிருந்தால், குறித்த நேரத்துக்குள் கொடுத்து ரசீது வாங்குங்கள். ஸ்கேன் ஏற்றிவிட்டோமே என்று இருந்துவிட்டு அசலைக் கொடுக்காமல் தோற்பவர்கள் நிறையப் பேர்.

அறிவிப்பு தாமதமாகத் தெரிவதற்கு வருவோம். தமிழ்நாட்டின் டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-ல் வந்தது, விதிகள் 2000-ல். இதன்படி 2 கோடி ரூபாய் வரையுள்ள டெண்டருக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் அவகாசம் தர வேண்டும். மேலதிகாரி காரணத்தை எழுதி வைத்து இதைக் குறைக்கலாம். ‘ஷார்ட் டெண்டர்’ என்பது அதுதான். ஆக, அறிவிப்பு வந்த பிறகு ஓடினால் உங்களுக்குக் கிடைப்பது இரண்டு வாரமே. மாநில அரசின் டெண்டர் இணையதளத்தில் நிறுவனம், இடம், முடியும் தேதி என மூன்று வழியில் தேடலாம். நிறுவனப் பட்டியலில் நகராட்சி நிர்வாகம், பேரூராட்சிகள், ஊரக வளர்ச்சி ஆகிய மூன்றையும் தனித்தனியே பாருங்கள். வாரம் இரண்டு முறை பத்து நிமிடம் போதும். திருத்த அறிவிப்புப் பகுதியையும் விடாதீர்கள். அளவு மாறும், தேதி தள்ளும். மாறிய விலைப்பட்டியலை விட்டுவிட்டுப் பழைய கோப்பை நிரப்பியவர் வெளியே போவார். மாவட்ட டெண்டர் புல்லட்டினையும் ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் வேலை பிறப்பது இணையதளத்தில் இல்லை, மன்றக் கூட்டத்தில். தெருவுக்குக் கல் பதிக்க வேண்டும் என்று பேரூராட்சி மன்றம் தீர்மானம் போடும். பொறியாளர் எஸ்டிமேட் போடுவார். நிதி எந்தத் திட்டத்தில் என்று முடிவாகி நிர்வாக அனுமதியும், பிறகு தொழில்நுட்ப அனுமதியும் வரும். அதற்கப்புறம்தான் டெண்டர். இடையில் வாரங்களோ மாதங்களோ ஓடும். கூட்டத் தீர்மானத்தைப் பார்த்தால் வரப்போவது முன்பே தெரிந்துவிடும். கிடைக்காவிட்டால் 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமை மனு. 30 நாளில் பதில் தர வேண்டும். நிதி எங்கிருந்து என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நிதி ஏற்கெனவே கணக்கில் வந்துவிட்ட வேலையும், பொது நிதியில் பார்த்துக்கொள்ளலாம் என்று போட்ட வேலையும் ஒன்றல்ல. இரண்டாவதில் பணம் எப்போது வரும் என்று பொறியாளருக்கே தெரியாது. முதல் வருடம் அந்த வேலைகளைத் தொடாதீர்கள் என்பதே எங்கள் கருத்து.

மாவட்டம் முழுக்கப் போடவும் வேண்டாம். யூனிட்டிலிருந்து 25 கிலோமீட்டருக்குள் இரண்டு மூன்று உள்ளாட்சிகளைத் தேர்ந்தெடுங்கள். 60 மி.மீ. கல் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 140 கிலோ. 100 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலத் தெரு என்றால் 300 சதுர மீட்டர். ஏறக்குறைய 42 டன். பத்து டன் லாரியில் ஐந்து நடை. தூரம் கூடக்கூட உங்களுக்கு இருக்கும் ஒரே அனுகூலமான சொந்தக் கல் லாரி வாடகையில் கரைந்துவிடும்.

விலை போடுவதற்கு முன் இடத்தைப் போய்ப் பாருங்கள், டேப்போடு. எஸ்டிமேட்டில் எத்தனை மேன்ஹோல் மூடி உயர்த்த வேண்டும் என்று எழுதியிருக்கிறது, தெருவில் எத்தனை இருக்கிறது? இருபுறமும் கெர்ப் கல் (ஓரக் கல்) உண்டா? ஓரம் கட்டாத பேவர் ஒரே மழைக்காலத்தில் விலகிவிடும். பிழை காலத்துக்குள் (முடித்த பின் குறைகளுக்கு நீங்கள் பொறுப்பான காலம்) விலகினால் அதைச் சரிசெய்வது உங்கள் செலவு. வீட்டுக் குடிநீர் இணைப்புகள் எவ்வளவு ஆழத்தில் போகின்றன என்பது முக்கியம். தோண்டும்போது உடையும் பைப்புக்கு விலைப்பட்டியலில் இடமில்லை. மணல் படுகை 50 மி.மீ. என்றால் இந்தத் தெருவுக்கு 15 கன மீட்டர். எம்-சாண்ட் இன்றைய விலையில் கணக்குப் போடுங்கள், ஷெட்யூல் ரேட்டில் (அரசு நிர்ணயித்த விலை) இருப்பதை அப்படியே நம்ப வேண்டாம்.

உங்களைப் போன்ற உற்பத்தியாளர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ‘கல் நம்முடையதுதானே’ என்று தயாரிப்புச் செலவையே கணக்கில் வைத்து ரேட்டைக் குறைப்பார்கள். அதே கல்லை வெளியே விற்றால் என்ன கிடைக்குமோ அதுதான் இந்த வேலைக்கு அதன் விலை. அப்படிப் போட்டும் எஸ்டிமேட்டுக்குள் லாபம் நிற்காவிட்டால் கல்லை விற்பதே மேல். மிகக் குறைத்துப் போட்டு எல்-1 ஆவதிலும் ஒரு பிடி இருக்கிறது. பெரும்பாலான ஆவணங்களில், எஸ்டிமேட்டை விட 15 சதவீதத்துக்கு மேல் குறைத்தால் அந்த வித்தியாசத்தில் பாதியைக் கூடுதல் பாதுகாப்பு வைப்பாகக் கட்டச் சொல்வார்கள். 10 லட்சம் எஸ்டிமேட்டுக்கு 8 லட்சம் போட்டால் கூடுதலாக ஒரு லட்சம் முடங்கும். உங்கள் ஆவணத்தில் என்ன சதவீதம் என்று அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு ரேட்டை முடிவு செய்யுங்கள்.

பதிவேற்றும் நாளில் நடக்கும் அசட்டுத் தவறுகள் தனி ரகம். கிளாஸ் 3 டிஜிட்டல் கையொப்பம் காலாவதியாகவில்லையே என்று அறிவிப்பு பார்த்த அன்றே சோதியுங்கள். விலைப்பட்டியல் எக்ஸல் கோப்பின் பெயரை மாற்றக்கூடாது, வேறு கோப்பில் நகலெடுத்து நிரப்பக்கூடாது. எஸ்டிமேட்டுக்கு இத்தனை சதவீதம் மேல் அல்லது கீழ் என்று விலை சொல்லும் சதவீத டெண்டரில் ‘எக்ஸஸ்’, ‘லெஸ்’ என்று தேர்ந்தெடுக்கும் ஒரு சிறு கட்டம் இருக்கும். 4.5 சதவீதம் குறைவு என்று நினைத்துக்கொண்டு எக்ஸஸில் விட்டால் நீங்கள் 4.5 சதவீதம் அதிகம் கேட்டவராகிவிடுவீர்கள். திறந்த பிறகு யாரும் மாற்றித் தர முடியாது. எல்லாக் கோப்பும் ஏறியதும் வேலை முடியவில்லை, ‘ஃப்ரீஸ் பிட்’ அழுத்தி ஒப்புகைச் சீட்டு வர வேண்டும். வராவிட்டால் நீங்கள் டெண்டரே போடவில்லை என்று பொருள். கெடு முடியும்வரை திருத்தி மறுபடி போடலாம். ஆனால் டெண்டரைத் திரும்பப் பெற்றுவிட்டால் அதே டெண்டரில் மறுபடி நுழைய முடியாது. நேரம் உங்கள் கடிகாரத்தில் இல்லை, திரையில் ஓடும் சர்வர் நேரத்தில். முந்தின நாளே முடித்துவிடுங்கள்.

உத்யம் பதிவால் என்ன பயன் என்று தோன்றலாம். கல்லை மட்டும் பொருளாக வாங்கும் கொள்முதல் டெண்டரில், நீங்களே தயாரிப்பதால், வைப்புத்தொகை விலக்குக் கேட்கலாம். எல்-1 விலையிலிருந்து 15 சதவீதத்துக்குள் இருந்து அந்த விலைக்கே இறங்கிவரச் சம்மதித்தால் ஆர்டரில் ஒரு பகுதி கிடைக்கவும் விதியில் இடமுண்டு. பதித்துக் கொடுக்கும் வேலை டெண்டருக்கு இந்தச் சலுகையை எதிர்பார்க்காதீர்கள். 45 நாளில் பணம், தாமதத்துக்கு வட்டி என்ற சிறுதொழில் சட்டப் பாதுகாப்பும் கட்டுமான ஒப்பந்தங்களுக்குப் பொருந்தாது என்று உயர் நீதிமன்றத் தீர்ப்புகள் வந்திருக்கின்றன. ஆகவே கொள்முதல் டெண்டர் கண்ணில் பட்டால் விடாதீர்கள். உங்களுக்கு மிகப் பொருத்தமான வாசல் அதுதான்.

‘ஆள்’ விஷயத்துக்கு வருவோம். உள்ளூர் கான்ட்ராக்டர்கள் கூடிப் பேசி, இந்த வேலை உனக்கு, அடுத்தது எனக்கு என்று பங்கு பிரிப்பது நடக்கிறது. உங்களிடமும் வந்து ‘சும்மா ஒரு டம்மி போடுங்க’ (பெயருக்கு அதிக விலையில் ஒரு டெண்டர்) என்பார்கள். போடாதீர்கள். மாட்டினால் தடைப்பட்டியலில் உங்கள் பேர்தான் வரும், கேட்டவர் பேர் வராது. தகுதி இருந்தும் உங்களைத் தள்ளினால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். டெண்டர் ஏற்பு உத்தரவு கையில் கிடைத்த 10 நாளுக்குள் அரசுக்கு மேல்முறையீடு செய்யலாம். 11-ம் நாள் அந்தக் கதவு மூடிவிடும். லஞ்சம் கேட்டால் ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்புத் துறை இருக்கிறது. சின்ன வேலைகளில் வருடக் கணக்கில் வழக்கு நடத்துவது கட்டாது என்பதும் உண்மை. அதனால்தான் பங்கு பிரிப்பு பலமாக இருக்கும் உள்ளாட்சியை விட்டு, நாலைந்து பேர் நிஜமாகவே போட்டி போடும் இடத்தைத் தேடச் சொல்கிறோம். பழைய டெண்டர் முடிவுகளைப் பார்த்தாலே தெரியும்: வருடம் முழுக்க எல்லாமே எஸ்டிமேட்டுக்கு அரை சதவீதம் குறைவில் முடிந்திருந்தால் அங்கே போட்டி இல்லை.

வேலை கிடைத்த பிறகு உங்கள் பலம் ஸ்டாக்கில் இருக்கிறது. கல்லின் வலிமை 28 நாள் வயதில் கணக்கிடப்படுகிறது. வேலை உத்தரவு வந்த பிறகு வார்க்கத் தொடங்கி 15 நாளில் தளத்துக்கு ஏற்றினால் சோதனையில் விழும். எஸ்டிமேட் எம்-35 வலிமை கேட்கிறதா எம்-40 கேட்கிறதா என்று பார்த்து, வார்த்த தேதி எழுதிய அடுக்குகளாகத் தயாராக வைத்திருங்கள். கான்ட்ராக்டரால் முடியாத வேகம் இது. பழைய கல்லைத் தோண்டி அடியில் மண் நிரப்புவது முதல் ஒவ்வொரு கட்டத்தையும், மூடுவதற்கு முன், உதவிப் பொறியாளரை வரவழைத்து அளந்து எம்-புக்கில் ஏற்றச் சொல்லுங்கள். மூடிய பிறகு அடிப்படுகைக்கு ஆதாரம் இல்லை. ‘அந்தச் சந்துக்கும் சேர்த்துப் போட்டுடுங்க’ என்று கவுன்சிலர் வாய்மொழியாகச் சொன்னால், எழுத்தில் உத்தரவு வராமல் ஒரு கல்லும் பதிக்காதீர்கள். திருத்திய எஸ்டிமேட்டுக்கு அனுமதி வராவிட்டால் அந்தப் பணம் போனதுதான்.

கையில் எவ்வளவு வரும்? பில் 10 லட்சம் என்று வைப்போம். அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, 1,80,000. ஒப்பந்த மதிப்பு ஜிஎஸ்டி நீங்கலாக 2.5 லட்சத்தைத் தாண்டுவதால் ஜிஎஸ்டி டிடிஎஸ் 2 சதவீதம், 20,000 பிடிப்பார்கள். இது நட்டமில்லை, ஜிஎஸ்டி தளத்தில் நீங்கள் ஏற்றுக்கொண்டால் உங்கள் ரொக்கக் கணக்குக்கு வந்துவிடும், ஏற்காமல் விட்டால் அங்கேயே கிடக்கும். தனிநபர் நிறுவனமானால் வருமான வரி 1 சதவீதம், 10,000. தொழிலாளர் நல நிதி 1 சதவீதம், 10,000, இது திரும்பாது. பிழை காலம் முடியும்வரை 5 சதவீதம் நிறுத்திவைத்தால் இன்னொரு 50,000. ஜல்லி, கிராவலுக்கு நடைச்சீட்டு காட்டாவிட்டால் கனிமக் கட்டணமும் பிடிப்பார்கள். குவாரியில் வாங்கும்போதே சீட்டை வாங்கிக் கோப்பில் போடுங்கள்.

இறுதிப் பில் கொடுக்கும் அன்றே பணி முடிப்புச் சான்றுக்கும் மனுக் கொடுங்கள். வேலையின் பெயர், ஒப்பந்த எண், மதிப்பு, தொடங்கிய தேதி, முடித்த தேதி, பதித்த சதுர மீட்டர், திருப்தியாக முடிந்தது என்ற வரி எல்லாம் அதில் இருக்க வேண்டும். பொறியாளர் மாற்றலாகிப் போன பிறகு வாங்குவது பெரும்பாடு. நிறுத்திவைத்த தொகைக்கான கெடு தேதியை நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். அது தானாகத் திரும்பி வராது, மனுக் கொடுத்துக் கேட்டால்தான் வரும்.