ஆக்சுவேரியல் சயின்ஸ் படிக்கும்போதே வேலைக்கான திறனை எப்படி வளர்த்துக்கொள்வது?

பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு, கணக்கு நன்றாக வருகிறது, செய்ததை விளக்கச் சொன்னால் திணறல், ஸாஃப்ட் ஸ்கில்ஸ் வகுப்பில் சேரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்தக் காசை மிச்சம் பிடியுங்கள். இன்ஷூரன்ஸ் போன்றவற்றின் நிதி அபாயத்தைக் கணக்கிடும் இந்தத் துறையில் தொழில்திறன் என்றால் பேச்சுச் சாமர்த்தியம் இல்லை. நீங்கள் போட்ட கணக்கை உங்களைக் கூப்பிடாமலே இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். கணக்கே தெரியாதவர் அதை வைத்து முடிவெடுக்க வேண்டும். ஐஏஐ (இன்ஸ்டிட்யூட் ஆஃப் ஆக்சுவரீஸ் ஆஃப் இந்தியா) தேர்வுகளில் மாடலிங் பிராக்டிஸ், கம்யூனிகேஷன்ஸ் பிராக்டிஸ் என்று இதற்கே இரண்டு தாள்கள். இரண்டுக்கும் இப்போதே பழகலாம்.

ஒரு சின்ன கணக்கு. மோட்டார் இன்ஷூரன்ஸ் க்ளெய்ம், லட்ச ரூபாயில், இதுவரை கொடுத்த மொத்தம். 2021 விபத்துகளுக்கு முதல் ஆண்டு முடிவில் 100, பிறகு 150, பிறகு 165. அதோடு தீர்ந்தது என்று வைத்துக்கொள்வோம். 2022க்கு 120, 186. 2023க்கு 130 மட்டும். செயின் லேடர் (பழைய ஆண்டுகளில் தொகை வளர்ந்த விகிதத்தை வைத்து மீதியை மதிப்பிடும் முறை) போட்டால் முதல் ஃபேக்டர், அதாவது முதல் ஆண்டுத் தொகை இரண்டாம் ஆண்டில் எத்தனை மடங்காகிறது என்பது, (150+186)/(100+120) = 336/220 = 1.527, அடுத்தது 165/150 = 1.1. இனி கொடுக்க வேண்டியது 2022க்கு 18.6, 2023க்கு 88.4. மொத்தம் 107.

வகுப்பில் இதற்கே முழு மார்க். வேலை இனிமேல்தான்.

எக்செலில் டேட்டா, கணக்கு, விடை, சரிபார்ப்பு நான்கும் தனித்தனி ஷீட். 1.527 என்பதை ஃபார்முலாவுக்குள் கையால் தட்டாதீர்கள். அடுத்த காலாண்டில் டேட்டா மாறும், ஃபேக்டர் பழையதாகவே நிற்கும், விடையோ பார்க்க நியாயமாகவே இருக்கும். அதனால்தான் யார் கண்ணிலும் படாது. சரிபார்ப்புக்கு எல்லா ஃபேக்டரையும் 1 ஆக்கிப் பாருங்கள், ரிசர்வ் (இனி கொடுக்க ஒதுக்கும் தொகை) பூஜ்யம் வர வேண்டும். ஆடிட் டிரெயிலில் (கணக்கை எப்படிச் செய்தீர்கள் என்ற எழுத்துக் குறிப்பில்) எந்த செல்லில் என்ன அழுத்தினீர்கள் என்பதைவிட ஏன் அப்படிச் செய்தீர்கள் என்பதே முக்கியம்: ‘2021இன் 1.5, 2022இன் 1.55 இரண்டின் சராசரியை எடுக்கவில்லை. பெரிய ஆண்டுக்கு அதிக எடை கிடைக்கக் கூட்டி வகுத்தேன்.’

அடுத்து, நிதித் தலைவருக்கு ஒரு பக்கம். முதல் வரியிலேயே ‘ரூ.1.07 கோடி ஒதுக்க வேண்டும்’. செயின் லேடர் என்ற பேச்சே அதில் வரக்கூடாது. அவர் தெரிந்துகொள்ள வேண்டியது வேறு: இந்தத் தொகையில் ஏறக்குறைய 83 சதவீதம் 2023க்கானது, அந்த ஆண்டுக்கு நம் கையில் இருப்பது 130 என்ற ஒரே எண். 2022இன் வேகமே (1.55) தொடர்ந்தால் ரூ.1.10 கோடி ஆகும். 2023இல் க்ளெய்ம் பிரிவு பணம் கொடுக்கத் தாமதித்திருந்தால் நிலைமை இன்னும் மோசம்; பணம் குறைவாகப் போனதை இந்த முறை விபத்து குறைந்ததாக எடுத்துக்கொள்ளும், ரிசர்வ் பற்றாது. ஆகவே எழுதும் முன் க்ளெய்ம் பிரிவிடம் கேட்க வேண்டும். நேர்காணல் நடத்துபவர் தேடுவது இப்படிக் கேட்கத் தெரிந்தவரைத்தான்.

(ஆர் என்ற புள்ளியியல் மென்பொருள், எக்செல் இரண்டையும் பற்றித் தனியாகக் கவலை வேண்டாம். 2019 பாடத்திட்டத்திலிருந்து சிஎஸ் (புள்ளியியல்) தாள்களின் பி பகுதி ஆரிலும், சிஎம் (ஆக்சுவேரியல் கணிதம்) தாள்களின் பி பகுதி எக்செலிலும் நடக்கிறது; தேர்வுக்குப் படித்தாலே கை பழகிவிடும்.)

மாதம் ஒன்று இப்படிச் செய்யுங்கள். ஃபைலை வகுப்பு நண்பரிடம் கொடுத்து அரை மணி நேரம் வாய் திறக்காமல் உட்காருங்கள். அவர் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் ஆடிட் டிரெயிலில் விட்டுப்போன வரி. அந்த ஒரு பக்கத்தை பி.காம். படிப்பவரிடம் கொடுத்து, வாங்கி வைத்துக்கொண்ட பிறகு, ‘எவ்வளவு ஒதுக்கணும்? எதனால மாறலாம்?’ என்று கேளுங்கள். இரண்டாவதற்குப் பதில் வராவிட்டால் அவர்மேல் தப்பில்லை, பக்கத்தைத் திருப்பி எழுதுங்கள்.