வாசகர் கேள்வி: ஜாக்கியை நம்பி மோட்டார்ஹோமுக்கு அடியில் போகலாமா?

கேள்வி: போன வருடம் பழைய மோட்டார்ஹோம் (படுக்கை, சமையல் வசதியோடு வீடு மாதிரி இருக்கும் வண்டி) ஒன்று வாங்கினோம். ஏழு மீட்டர் நீளம், ஆவணத்தில் மொத்த எடை 3,500 கிலோ என்று இருக்கிறது. என்ஜின் ஆயில் மாற்றுவது, அடிப்பக்கம் துரு பிடித்திருக்கிறதா என்று பார்ப்பது, கழிவுநீர்த் தொட்டியின் வால்வைச் சுத்தம் செய்வது மாதிரி வேலைகளை நானே செய்ய ஆசை. காருக்கு அடியில் போய்ப் பழக்கம் உண்டு. வண்டியோடு வந்த பாட்டில் ஜாக்கி இருக்கிறது. என் மனைவியோ, "அதை நம்பி அடியில் போனால் நான் பக்கத்திலேயே நிற்க மாட்டேன்" என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: உங்கள் மனைவி சொல்வதுதான் சரி. ஒரே ஒரு திருத்தம், அவர் பக்கத்தில் நிற்கத்தான் வேண்டும். வண்டிக்கு அடியிலும் வேண்டாம், உள்ளேயும் வேண்டாம், கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில், கையில் போனோடு.

முதலில் நான் உங்களைத் திருப்பிக் கேட்கிறேன், வண்டியை ஏன் தூக்க வேண்டும்? காரில் பழகியவர்களுக்கு அடியில் போவது என்றாலே ஜாக்கிதான் நினைவுக்கு வரும், ஏனென்றால் காரைத் தூக்காமல் உள்ளே தலைகூட நுழையாது. மோட்டார்ஹோம் பெரும்பாலும் வேன் அல்லது லாரி சேஸிஸ் (அடிச்சட்டம்) மேல் கட்டியது. தரையில் ஒரு அட்டையை விரித்து மல்லாந்து படுத்து, நான்கு சக்கரமும் தரையில் இருக்கும்போதே எவ்வளவு தூரம் உள்ளே போக முடிகிறது என்று ஒருமுறை பாருங்கள். நீங்கள் எழுதியிருக்கும் மூன்று வேலைகளில் குறைந்தது இரண்டு அப்படியே முடிந்துவிடும் என்று நினைக்கிறேன். வண்டி தன் டயரில் நிற்கும்போது கவலை ஒன்றுதான், அது உருளக் கூடாது. ஜாக்கியில் நின்றால் உருளவும் கூடாது, சாயவும் கூடாது, இறங்கவும் கூடாது. மூன்று கவலை.

இடம் போதவில்லை என்றால் அடுத்து ரேம்ப். சக்கரத்தை அதன் மேல் ஏற்றி நிறுத்தினாலும் எடை டயர் மேலேயேதான் இருக்கிறது, அதனால் ஜாக்கியைவிட எனக்கு அதன் மேல் நம்பிக்கை அதிகம். காருக்கென்று வாங்கிய ரேம்பை மட்டும் எடுத்து வைத்துவிடாதீர்கள். டயரின் அகலத்துக்கு அது போதுமா, அந்த அச்சின் எடையைத் தாங்குமா என்று பாருங்கள். கதவோரத்திலோ என்ஜின் அறையிலோ இருக்கும் தகட்டில் ஒவ்வொரு அச்சுக்கும் உச்ச எடை தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். முகாமில் வண்டியை மட்டப்படுத்த வைக்கும் பிளாஸ்டிக் ஆப்பு வேறு, இந்த ரேம்ப் வேறு.

சரி, சக்கரத்தைக் கழற்றியே ஆக வேண்டும், ஜாக்கி இல்லாமல் முடியாது என்கிறீர்களா? அப்படியானால் ஜாக்கிக்கு ஒரே வேலைதான், தூக்குவது. தூக்கிய எடையைத் தாங்கி நிற்க வேண்டியது ஸ்டாண்ட், அதாவது வேண்டிய உயரத்தில் பூட்டி நிறுத்தும் இரும்புத் தாங்கி. பாட்டில் ஜாக்கிக்குள் வண்டியைத் தாங்கி நிற்பது கொஞ்சம் எண்ணெயும் அதைக் கசியவிடாமல் பிடிக்கும் ஒரு சின்ன ரப்பர் வளையமும்தான். ஒருமுறை என் வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கி ஜாக்கியிலேயே விட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் இரண்டு விரற்கடை இறங்கியிருக்கிறது. ஜாக்கியின் தண்டைச் சுற்றி மெல்லிய எண்ணெய் வளையம், அவ்வளவுதான், சத்தமில்லை ஒன்றுமில்லை. நான் அடியில் இருந்திருந்தால் எனக்கும் அது தெரிந்திருக்காது, நெஞ்சில் அழுத்தும் வரை.

ஸ்டாண்ட் வாங்கும்போது அதில் போட்டிருக்கும் டன் கணக்கு ஒன்றுக்கா ஜோடிக்கா என்று படித்துப் பாருங்கள், நிறையப் பேர் ஏமாறுவது இங்கேதான். அதை சேஸிஸின் கெட்டியான இடத்திலோ அச்சின் அடியிலோ, வண்டிக் கையேடு காட்டும் இடத்தில் வையுங்கள். பின்சக்கரத்துக்குப் பின்னால் நீண்டிருக்கும் பகுதியில் வேண்டவே வேண்டாம். பல வண்டிகளில் அது மெல்லிய நீட்டிப்புதான், தூக்கினால் வளையும். செங்கல், சிமென்ட் கல் எல்லாம் ஸ்டாண்டுக்கு மாற்றாகாது. பார்க்கக் கெட்டியாக இருக்கும், ஒரு முனையில் எடை விழுந்தால் சொல்லாமல் நொறுங்கும். தரை மட்டமான கான்கிரீட்டாக இருந்தால் நிம்மதி. தார்த் தரை வெயிலில் இளகும், ஸ்டாண்டின் கால் உள்ளே புதையும், அப்படியென்றால் கனமான பலகை ஒன்றை அடியில் கொடுங்கள். மண்ணிலும் புல்லிலும் இந்த வேலையே வேண்டாம்.

முட்டுக்கட்டை போடாதே என்று ஊரெல்லாம் சொல்வார்கள், இங்கே மட்டும் போட்டே ஆக வேண்டும். ஹேண்ட்பிரேக் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். பெரும்பாலான வண்டிகளில் அது பின்சக்கரங்களை மட்டும்தான் பிடிக்கும். பின்பக்கத்தைத் தூக்கிவிட்டீர்கள் என்றால் அந்தரத்தில் நிற்கும் சக்கரத்தைப் பிடித்து என்ன லாபம்? கியரில் போட்டாலும் அது இயக்கும் சக்கரங்களைத்தான் பிடிக்கும். அதிலும் ஒன்று தரையை விட்டு எழும்பிவிட்டால், டிஃபரென்ஷியல் (இரண்டு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பல்சக்கரப் பெட்டி) வழியாக அது சுழல, தரையில் இருக்கும் மற்றது உருளலாம். அதனால் தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை, தூக்குவதற்கு முன்பே.

தூக்கும் முன் தண்ணீர்த் தொட்டிகளையும் காலி செய்துவிடுங்கள். நூறு லிட்டர் தண்ணீர் என்றால் நூறு கிலோ, அதுவும் அலையடிக்கிற நூறு கிலோ. ஸ்டாண்ட் மேல் மெல்ல இறக்கியதும், வெளியே நின்றபடி வண்டியை நன்றாகத் தள்ளிப் பாருங்கள். ஆடினால் இறக்கிவிட்டு மறுபடி முதலிலிருந்து. கழற்றிய சக்கரத்தை சேஸிஸ் பக்கவாட்டுக்கு அடியில் படுக்கவைத்து விடுங்கள், எல்லாம் கைவிட்டாலும் அது கொஞ்சம் இடம் விடும்.

அப்புறம் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி. துரு பார்க்கப் போனால் துரு கண்ணில்தான் விழும். ஆயில் மாற்றும்போது சைலன்சர் பக்கம் கை போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சாவியை உங்கள் பாக்கெட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் வண்டியில் பட்டனை அழுத்தினால் நான்கு ஹைட்ராலிக் கால்கள் இறங்கி வண்டியையே தூக்கிவிடுகின்றன. அதற்கும் ஸ்டாண்ட் வேண்டுமா?

பதில்: வேண்டும். அந்தக் கால்கள் நின்ற இடத்தில் வண்டியை மட்டப்படுத்தத்தான். அதிலும் எண்ணெய் அழுத்தம்தான் தாங்குகிறது, ஒரு குழாயோ வால்வோ விட்டுக்கொடுத்தால் வண்டி கீழே. ஏர் சஸ்பென்ஷன் உள்ள வண்டிகளும் இதே கதைதான், சக்கரம் தரையில் இருந்தாலும் காற்றுப் பை இறங்கினால் வண்டி தாழ்ந்துவிடும். மேலே சொன்னேனே, நான்கு சக்கரமும் தரையில் இருந்தால் போதும் என்று, அது இந்த வண்டிகளுக்குப் பொருந்தாது. சேஸிஸுக்கு அடியில் ஸ்டாண்ட் வைக்காமல் தலையை நுழைக்காதீர்கள். மூலைகளில் திருகி இறக்கும் மெல்லிய கால்கள் இருந்தால், அவை உள்ளே நடக்கும்போது வண்டி ஆடாமல் இருக்க மட்டுமே.

கேள்வி: நண்பரின் பட்டறையில் குழி இருக்கிறது. அதில் இறங்கி வேலை செய்தால் இந்தத் தொல்லையே இல்லையே?

பதில்: வண்டி மேலே விழாது, உண்மை. ஆனால் சமையல் சிலிண்டரின் எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, பெட்ரோல் ஆவியும் அப்படியே. கசிந்தால் இரண்டும் நேராகக் குழிக்குள் இறங்கித் தங்கும். மோட்டார்ஹோமின் தரையில் சின்னச் சின்ன ஓட்டைகள் இருப்பதே, கசிந்த வாயு கீழ்வழியாக வெளியேறட்டும் என்றுதான். அதாவது உங்கள் தலைக்கு நேராக. சிலிண்டரை வால்விலேயே மூடிவிட்டு, வண்டியின் ஃபிரிட்ஜ், ஹீட்டர் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு இறங்குங்கள். நீங்கள் உள்ளே இருக்கும்போது என்ஜினை ஓட்டச் சொல்லாதீர்கள். கிரைண்டர் வேலை இருந்தால் குழியில் வேண்டாம். வாயு வாசனை லேசாக வந்தாலும் ஸ்பேனரை அங்கேயே போட்டுவிட்டு மேலே ஏறுங்கள், ஸ்பேனரை அப்புறம் எடுத்துக்கொள்ளலாம்.