நாபா ஒயின் ஒதுக்கீடு: இந்த வருடமும் பணம் கட்டவா, விட்டுவிடவா?

கேள்வி: கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்ட்டில் இருக்கிறேன். வயது 43, சாஃப்ட்வேர் வேலை. 2017-இல் நண்பர் ஒருவர் சொல்லி, நாபா பள்ளத்தாக்கில் 5 ஒயினரிகளின் (ஒயின் தயாரிப்பு நிறுவனங்களின்) ஒதுக்கீட்டுப் பட்டியலில், அதாவது ஆளுக்கு இத்தனை பாட்டில் என்று அவர்களே நேரடியாக ஒதுக்கி விற்கும் பட்டியலில், பெயர் கொடுத்தேன். ஒன்றில் இடம் கிடைக்கவே 4 வருடம் ஆனது. இன்று கையில் 130 பாட்டில் இருக்கிறது. போட்ட பணம் சுமார் 34,000 டாலர். குளிர் அறை லாக்கர் வாடகை மாதம் 60. கிரெடிட் கார்டில் 7,000 டாலர் பாக்கி, அதில் பெரும்பகுதி ஒயின்தான். முன்பெல்லாம் 3 பாட்டிலுக்கு மேல் கேட்டாலும் தரமாட்டார்கள். இப்போது "எத்தனை வேண்டும், அனுப்பும் செலவு இலவசம்" என்று ஃபோனே செய்கிறார்கள். ஒரு வருடம் வாங்காமல் விட்டால் இடம் போய்விடும் என்று பயமாக இருக்கிறது. இன்னும் 2 வருடத்தில் கோயம்புத்தூர் திரும்பும் எண்ணமும் உண்டு. இதை முதலீடாகத் தொடரலாமா மேடம்?

பதில்: வேண்டாம் சார். தொடராதீர்கள். பட்டியலில் இருக்கும் இடத்தைப் பற்றிய பயத்தையும் விட்டுவிடுங்கள். அந்த இடத்துக்கு ஒரு காலத்தில் விலை இருந்தது, இன்று இல்லை. உங்களுக்கு வந்த அந்த ஃபோனே அதற்குச் சாட்சி.

இந்தப் பட்டியலுக்கு ஏன் மவுசு வந்தது என்று முதலில் பார்த்துவிடலாம். 1990-களில் ஸ்கிரீமிங் ஈகிள், ஹார்லன் எஸ்டேட், கோல்கின், பிரையன்ட் போன்ற சின்ன ஒயினரிகள் மிகக் குறைந்த அளவில் கேபர்னே சோவின்யான் என்ற சிவப்பு ஒயின் தயாரித்தன. விமர்சகர் ராபர்ட் பார்க்கர் 100-க்கு 99, 100 என்று மதிப்பெண் கொடுத்தார். கடையில் கிடைக்காது, பட்டியலில் பெயர் இருந்தால்தான் கிடைக்கும். 2000-இல் நாபாவில் நடந்த தர்ம ஏலத்தில், ஸ்கிரீமிங் ஈகிளின் 1992 ஒயின், 6 லிட்டர் பிடிக்கும் ஒரே ஒரு பெரிய பாட்டில், 5 லட்சம் டாலருக்குப் போனது. அந்தக் காலத்தில் பட்டியலில் இருந்தவர் ஒயினரி விலைக்கு வாங்கி, மறு வாரமே ஏலத்தில் விட்டாலும் லாபம் பார்த்தார். ஆக, பட்டியல் இடம் என்பது வெளிச் சந்தையைவிட மலிவாக வாங்கும் உரிமை. சொத்து மாதிரிதான்.

அந்த உரிமைக்கு மதிப்பு இருக்க வேண்டுமானால் ஏல விலை ஒயினரி விலையைவிட மேலே இருக்க வேண்டும். இன்று பெரும்பாலான நாபா பெயர்களுக்கு அது தலைகீழாகிவிட்டது. ஸ்கிரீமிங் ஈகிள் போன்ற ஓரிரு பெயர்களுக்கு இன்னும் தனி மதிப்பு உண்டு. உங்கள் 5 ஒயினரிகளில் அந்த ரகம் எதுவும் இல்லை.

உங்கள் 300 டாலர் பாட்டில் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். விற்பனை வரி சுமார் 10 சதவீதம், அதோடு அனுப்பும் செலவு சேர்த்தால் 336 ஆகிறது. லாக்கர் வாடகை வருடம் 720. அதை 130 பாட்டிலுக்குப் பகிர்ந்தால் ஒன்றுக்கு ஐந்தரை டாலர். 5 வருடம் வைத்தால் அடக்க விலை 363. ஏலத்தில் 230-க்கு விலை படிகிறது என்று வையுங்கள். ஏல நிறுவனம் உங்களிடம் 12 சதவீதம் கமிஷன் பிடித்தால் கைக்கு வருவது 202. ஒரு பாட்டிலுக்கு 161 டாலர் நஷ்டம். எடுத்தவரோ 230-க்கு மேல் 20 சதவீதம் வாங்குவோர் கட்டணம் கட்டினாலும் அவருக்கு 276தான். 4 வருடம் காத்திருந்து இடம் பிடித்த நீங்கள் 300 கொடுக்கிறீர்கள், காத்திருக்காத அவர் 276 கொடுக்கிறார். ஏல விலையும் கமிஷனும் நான் உதாரணத்துக்குப் போட்டவை. உங்களிடம் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் சமீபத்தில் ஏலத்தில் போன விலையைப் பார்த்து இதே கணக்கை நீங்களே போடுங்கள். இணையத்தில் ஒரு மணி நேர வேலை.

இது தற்காலிகச் சரிவுதானே, மீண்டு வராதா என்று கேட்பீர்கள். உலக உயர்தர ஒயின் விலைகள் 2022 இறுதியில் உச்சம் தொட்டு இறங்கத் தொடங்கின. விலை இறங்குவதும் ஏறுவதும் புதிதல்ல. எனக்குக் கவலை தருவது வாங்கும் ஆட்கள் குறைவது. இந்தப் பட்டியல்களை 25 வருடம் தாங்கிப் பிடித்தவர்களுக்கு இன்று 70 வயதாகிறது. அவர்கள் வீட்டு நிலவறை நிறைந்து கிடக்கிறது, குடிக்கும் அளவும் குறைந்துவிட்டது. அவர்கள் சேர்த்ததெல்லாம் ஏலத்துக்கு வந்துகொண்டிருக்கிறது. இளையவர்கள் அந்த இடத்தை நிரப்பவில்லை. 2025-இல் காலப் நிறுவனக் கருத்துக்கணிப்பில், மது அருந்துவதாகச் சொன்ன அமெரிக்கர்கள் 54 சதவீதம்தான். அந்தக் கணக்கெடுப்பின் வரலாற்றிலேயே மிகக் குறைவு. அதே வருடம் மார்ச்சில் கனடாவின் பல மாகாணங்கள், அமெரிக்காவுடனான இறக்குமதி வரிச் சண்டையில் அமெரிக்க மதுவைக் கடை அலமாரியிலிருந்தே எடுத்துவிட்டன. இதற்கெல்லாம் நடுவில் ஒயினரிகள் விலையை மட்டும் ஏற்றிக்கொண்டே போயின.

இப்போது அவர்களால் விலையை இறக்கவும் முடியாது. இறக்கினால் போன வருடம் வாங்கியவர் கோபப்படுவார், பெயரின் மதிப்பும் போகும். அதனால் தள்ளுபடி வேறு வேஷத்தில் வருகிறது: இலவச அனுப்புதல், கூடுதல் பாட்டில், பழைய வருடத்து ஒயின், தோட்டத்தில் விருந்து. உங்களுக்கு வருவது அந்தத் தள்ளுபடிதான். கௌரவமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இனி செய்ய வேண்டியது. கார்டு பாக்கிதான் முதல் வேலை. 7,000 டாலருக்கு 22 சதவீதம் வட்டி என்றால் வருடம் 1,540, மாதம் 128. லாக்கர் வாடகையைப்போல இரண்டு மடங்கு. எந்த ஒயினும் வருடம் 22 சதவீதம் ஏறி இதை ஈடுகட்டப் போவதில்லை. பாக்கி தீரும்வரை ஒரு பாட்டில்கூட வாங்காதீர்கள். இந்த இலையுதிர்கால ஒதுக்கீட்டுக்குப் பதிலே போட வேண்டாம். பட்டியலிலிருந்து உங்கள் பெயரை எடுத்துவிட்டால் என்ன? இன்றைய நிலவரத்தில் இரண்டு வருடம் கழித்துக் கேட்டாலும் கதவைத் திறப்பார்கள் என்றே நினைக்கிறேன். திறக்காவிட்டாலும் அதே ஒயின் ஏலத்தில் கிடைக்கும்.

அடுத்தது, 130-இல் எதை விற்பது. ஒயினரியின் மரப்பெட்டி திறக்காமல், பில்லோடு, வாங்கிய நாள் முதல் குளிர் அறையிலேயே இருந்தவற்றை விற்கத் தனியாக எடுத்து வையுங்கள். ஏலத்தில் முதலில் கேட்பது எங்கே வைத்திருந்தீர்கள் என்பதைத்தான். சென்ற கோடையில் ஒரு வாடிக்கையாளர், லாக்கர் வாடகையை மிச்சம் பிடிக்க 40 பாட்டிலைக் காரேஜில் வைத்திருந்தார். போய்ப் பார்த்தேன். ஒன்றில் கார்க் மயிரிழை மேலே எழும்பி நின்றது. மூடியிருந்த ஃபாயிலைத் திருகினால் திரும்பவில்லை, உள்ளே கசிந்த ஒயின் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. ஏல நிறுவனத்துக்குப் படம் அனுப்பினோம், முழுத் தொகுப்பையும் மறுத்துவிட்டார்கள். மனசு கேட்கவில்லை எனக்கு. தயவுசெய்து விற்றுமுடிக்கும் வரை லாக்கரை காலி செய்யாதீர்கள்.

நண்பர்களுக்கு நேரடியாக விற்றுவிடலாம் என்றும் நினைக்க வேண்டாம். கலிஃபோர்னியாவில் உரிமம் இல்லாமல் தனிநபர் மது விற்கக் கூடாது. உரிமம் உள்ள ஏல நிறுவனம் அல்லது கடை மூலம்தான் போக வேண்டும். இரண்டு மூன்று இடத்தில் கமிஷன் கேட்டுப் பேரம் பேசுங்கள். மொத்தமாகக் கொடுத்தால் குறைப்பார்கள்.

வரி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்த ஒயினில் லாபம் வந்தால் அது சேகரிப்புப் பொருள் கணக்கில் சேரும், 28 சதவீதம் வரை வரி. நஷ்டம் வந்தால் கழித்துக்கொள்ளலாமா? சொந்த உபயோகப் பொருளாக இருந்தால் முடியாது. அதே சேமிப்பிலிருந்து நீங்களும் குடித்திருப்பீர்கள். முழுக்க முதலீடு என்று நிரூபிப்பது கஷ்டம். விற்கும் முன் உங்கள் சி.பி.ஏ.-விடம் (கணக்காளரிடம்) பில்களைக் காட்டிவிடுங்கள்.

விற்றால் அடிமாட்டு விலைக்குத்தான் போகும் என்று தெரிகிற ரகங்களை வைத்துக் குடித்துவிடுங்கள். 60 டாலர்கூடத் தேறாத பாட்டிலை விற்க அலைவதைவிட, வருகிற தேங்க்ஸ்கிவிங்குக்கு நண்பர்களைக் கூப்பிட்டுத் திறப்பது மேல்.

ஊர் திரும்புவதையும் இப்போதே கணக்கில் எடுங்கள். இந்தியாவுக்குள் சுங்கவரி இல்லாமல் தலைக்கு 2 லிட்டர் மதுதான் கொண்டுவரலாம். 750 மில்லி பாட்டில் என்றால் ஆளுக்கு இரண்டு; மூன்றாவது வைத்தால் அளவு தாண்டிவிடும். மிச்சத்துக்கு வரி கட்டிக் கொண்டுவருவது கட்டுப்படியாகாது. அதனால் 2 வருடம்தான் உங்களுக்கு அவகாசம். கடைசி மாதத்தில் அவசரமாக விற்காமல், இந்தக் குளிர்காலமே முதல் தொகுப்பை ஏலத்துக்கு அனுப்புங்கள். வருகிற பணம் நேராகக் கார்டு பாக்கிக்குப் போகட்டும்.

மகள் பிறந்த வருடம் என்பதற்காக வாங்கிய 2016 ஒயின் 4 பாட்டில் இருப்பதாகக் கடிதத்தின் கடைசியில் எழுதியிருந்தீர்கள். அதை விற்கச் சொல்லமாட்டேன். நல்ல நாபா கேபர்னே, சரியான குளிரில் வைத்தால் அவளுக்கு 21 வயதாகும் 2037 வரை தாங்கும். கோவை வெயிலுக்கு ஒரு சின்ன ஒயின் ஃபிரிட்ஜ் தேவைப்படும். உங்கள் பெட்டியில் இரண்டு, மனைவி பெட்டியில் இரண்டு என்று துணியில் சுற்றி வையுங்கள்.