அலுமினிய அண்டாவைக் காஸ்டிக் சோடா தின்றது ஏன்?

பவானி நண்பருக்கு வணக்கம். ஜமக்காள நூல் அவிக்க அலுமினிய அண்டாவில் காஸ்டிக் சோடா கரைத்தீர்கள், நுரைத்துச் சூடாகி அடியில் ஓட்டை விழுந்தது, 'அமிலம்தானே உலோகத்தை அரிக்கும்?' என்று கேட்கிறீர்கள். காஸ்டிக் சோடா அமிலம் அல்ல, அதற்கு எதிரான காரம். காரமும் அரிக்கும், எல்லா உலோகத்தையும் அல்ல.

அலுமினியத்தைக் காப்பது அதன் மேலுள்ள மெல்லிய ஆக்சைடு படலம். அந்தப் படலம் அமிலத்திலும் கரையும், காரத்திலும் கரையும். அது போனதும் வெற்று அலுமினியம் தண்ணீரோடு வினைபுரிந்து சோடியம் அலுமினேட் என்ற உப்பாகக் கரைகிறது. நீங்கள் பார்த்த நுரை ஹைட்ரஜன், எளிதில் தீப்பற்றும் வாயு. ஒரு கிராம் அலுமினியம் கரைந்தால் ஏறத்தாழ 1.3 லிட்டர் வாயு வரும். பக்கத்தில் விறகடுப்பு எரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. தயவுசெய்து இனி அப்படிச் செய்யாதீர்கள்.

துத்தநாகம் பூசிய வாளியும் வேண்டாம், அதுவும் இப்படியே கரையும். இரும்பு தாங்கும், ஆனால் துருக்கறை நூலில் ஏறும். திருப்பூர் அனுப்பர்பாளையத்து எவர்சில்வர் அண்டா ஒன்று வாங்கிவிடுங்கள். தண்ணீரில்தான் சோடாவைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும், சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்.

செம்புக் குடத்தைப் புளி கரைத்துவிடுமோ என்றும் கேட்டிருந்தீர்கள். புளி கறுத்த ஆக்சைடை மட்டுமே எடுக்கும். அமிலத்திலிருந்து ஹைட்ரஜனை வெளியேற்றும் வலு செம்புக்கு இல்லை. தைரியமாகத் தேயுங்கள்.