கடலூர் முதுநகர் அம்மாவுக்கு: மகளை என்ன படிக்க வைக்கலாம்?

அம்மா, போன வாரம் நீங்கள் பேசியதெல்லாம் நீட் மதிப்பெண்ணைப் பற்றித்தான். நடுவில் மகள் சொன்னதுதான் என் மனதில் நிற்கிறது. தம்பிக்குத் தடுப்பூசி போடப் போன இடத்தில், மருந்துக் குப்பியின் மேல் ஒரு வட்டத்துக்குள் சின்னச் சதுரத்தைப் பார்த்தாளாம். இது எதற்கு என்று நர்சம்மாவிடம் கேட்டாளாம். வெப்பம் பட்டால் அந்தச் சதுரம் கருத்துக்கொண்டே வரும். வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் அந்த மருந்தைப் போடக்கூடாது. இப்படிக் கவனிக்கிற பிள்ளைக்கு டாக்டர் சீட் ஒன்றுதான் வழியா? நான் அப்படி நினைக்கவில்லை.

ஒரு மருந்து மக்களிடம் வந்து சேர டாக்டர் மட்டும் போதாது, பாருங்கள். கொடிய கிருமி தானாகவும் வரலாம், வேண்டுமென்றே பரப்பவும் படலாம். 2001-ல் அமெரிக்காவில் ஆந்த்ராக்ஸ் என்ற கொடிய நோய்க்கிருமிப் பொடியை யாரோ தபாலில் அனுப்பியதில் 5 பேர் இறந்தார்கள். நோய் வராத காலத்தில் இதற்கெல்லாம் மருந்து வாங்க ஆள் கிடையாது, அதனால் கம்பெனிகளும் இறங்காது. 2004-ல் அந்த நாடு சட்டமே போட்டு, முன்கூட்டியே வாங்கி இருப்பு வைக்கப் பணம் ஒதுக்கியது. நம் பக்கத்தில் 2018-ல் கோழிக்கோட்டில் நிபா வைரஸ் காய்ச்சல் வந்தபோது ஒப்புதல் பெற்ற தடுப்பூசி கைவசம் இல்லை. வைரஸ்களை ஆராயும் புனே வைராலஜி நிறுவனத்தில் நோயாளிகளின் மாதிரியைச் சோதித்தவர்கள், மருந்தின் தரம் பார்ப்பவர்கள், 2 முதல் 8 டிகிரிக்குள் அதைக் கிராமம் வரை கொண்டுபோகிறவர்கள் என்று இந்த வேலையில் டாக்டர் அல்லாதவர்களே நிறைய.

சரி, படிப்புக்கு வருகிறேன். பி.ஃபார்ம் என்கிற மருந்தாளுநர் பட்டப்படிப்புக்கு நீட் வேண்டாம், பிளஸ் டூ மதிப்பெண் போதும். மருந்துக் கம்பெனியில் தரக் கட்டுப்பாட்டு வேலைக்கு அதுவே நேர்வழி. ஆராய்ச்சியில் ஆசை என்றால் பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி (நுண்ணுயிரியல்), அப்புறம் க்யூட் பி.ஜி. என்ற முதுநிலை நுழைவுத் தேர்வை எழுதிக் காலாப்பட்டில் உள்ள புதுவைப் பல்கலைக்கழகத்துக்கு முயலலாம். புதுச்சேரி இந்திரா நகரில் ஐ.சி.எம்.ஆர். என்ற மத்திய அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பின் கொசு ஆராய்ச்சி மையம் 1975 முதல் இயங்குகிறது. பொதுச் சுகாதாரப் பூச்சியியலில் எம்.எஸ்சி. அங்கேயே உண்டு. வெளியூருக்கு அனுப்பப் பயம் என்றீர்களே, இதெல்லாம் கடலூரிலிருந்து பஸ் ஏறும் தூரம்தான்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். வெறும் பி.எஸ்சி.யோடு நின்றால் ஆராய்ச்சிக்கூடத்தில் பெரிதாக வளர முடியாது. திட்ட வேலைகள் பலவும் ஒப்பந்தம்தான். நிலையான இடம் கிடைக்க முப்பது வயதை நெருங்கலாம். வீட்டில் சீக்கிரம் சம்பளம் வேண்டுமென்றால் பி.ஃபார்ம்தான் என் யோசனை.

சனிக்கிழமை மதிப்பெண் பட்டியலோடு வாருங்கள், அவள் அப்பாவையும் கூட்டி வாருங்கள். கட்டணக் கணக்கை உட்கார்ந்து போட்டுப் பார்க்கலாம். மகளிடம் நான் தனியாகக் கொஞ்ச நேரம் பேச வேண்டும்.