பி-மதிப்பு 0.08 வந்தால் ‘பயனில்லை’ என்று எழுதலாமா?

வணக்கம். குழுவுக்கு 20 பேர் வைத்து நினைவாற்றல் பயிற்சியைச் சோதித்தீர்கள், இரு குழுக்களின் சராசரிகளை ஒப்பிடும் டி-சோதனையில் 1.80, பி-மதிப்பு 0.08. பயிற்சியால் எந்தப் பயனும் இல்லாதபோதும் இவ்வளவு அல்லது இதைவிடப் பெரிய வேறுபாடு தற்செயலாகத் தெரியும் வாய்ப்புதான் பி-மதிப்பு; அது 0.05-க்குக் கீழே இருந்தால்தான் விளைவு இருப்பதாகக் கொள்வது வழக்கம். ‘பயிற்சியால் பயனில்லை’ என்று ஆய்வேட்டில் எழுதலாமா என்பது உங்கள் கேள்வி.

தயவுசெய்து அப்படி எழுதாதீர்கள். இந்தத் தரவை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்பதுதான் அந்த எண் சொல்லும் செய்தி. பயனில்லை என்பதற்கு அது சான்றாகாது.

உங்கள் எண்களிலிருந்தே கோஹன் முறையில், அதாவது சராசரிகளின் வேறுபாட்டை மதிப்பெண்களின் சிதறலால் (திட்ட விலக்கத்தால்) வகுத்து, விளைவின் அளவைக் கணக்கிட்டேன்: 0.57. நடுத்தர விளைவு, அலட்சியப்படுத்தக் கூடியதல்ல. ஆனால் அதன் 95 விழுக்காட்டு நம்பிக்கை இடைவெளி (இந்தத் தரவோடு பொருந்தக்கூடிய விளைவு அளவுகளின் எல்லை) ஏறத்தாழ –0.07 முதல் 1.2 வரை நீள்கிறது. அதாவது பயன் துளியும் இல்லாமலும் இருக்கலாம், மிகப் பெரிதாகவும் இருக்கலாம். இந்த அகலத்தைத்தான் வாசகருக்குக் காட்ட வேண்டும்.

சிக்கல் ஆட்களின் எண்ணிக்கையில் இருக்கிறது. 0.5 அளவுள்ள விளைவு உண்மையிலேயே இருந்தாலும், குழுவுக்கு 20 பேரை வைத்து அதைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு மூன்றில் ஒரு பங்குதான். 80 விழுக்காடு வாய்ப்பு வேண்டுமென்றால் குழுவுக்கு 64 பேர் தேவை. 0.05 என்ற எல்லைக்கோட்டை மனப்பாடம் செய்ய வைக்கும் வகுப்புகள் இதை முதலில் சொல்லித்தர வேண்டும். சொல்லாதது மாணவர்களுக்குச் செய்யும் அநீதி.

இன்னும் பத்துப் பேரைச் சேர்த்து மறுபடி சோதிக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். முடிவைப் பார்த்த பிறகு ஆள் சேர்த்தால் இல்லாத பயனை இருப்பதாகச் சொல்லிவிடும் வாய்ப்பு 5 விழுக்காட்டைத் தாண்டிவிடும். விளைவின் அளவையும் இடைவெளியையும் அப்படியே எழுதுங்கள். அடுத்த ஆய்வுக்கான எண்ணிக்கையைத் தரவு திரட்டும் முன்பே முடிவு செய்யுங்கள்.