இரவு ஒரு கட்டிங் போட்டால் உடனே தூக்கம் வருகிறது, ஆனால் 2 மணிக்கு முழிப்புத் தட்டிவிடுகிறது. ஏன்?

ஒரு சின்னக் கணக்குப் போட்டால் அந்த 2 மணியின் சூட்சுமம் தெரிந்துவிடும்.

கட்டிங் என்பது குவாட்டரில் பாதி, 90 மி.லி. நம் ஊர் பிராந்தி, ரம் பாட்டில்களில் 42.8 சதவீதம் என்று அச்சிட்டிருக்கும். அதன்படி 90 மி.லி.யில் சுத்த ஆல்கஹால் சுமார் 30 கிராம். கல்லீரல் மணிக்கு ஏறக்குறைய 7 கிராம்தான் எரிக்கும். மோர், எலுமிச்சை, பச்சைத் தண்ணீர்க் குளியல் எதுவும் அந்த வேகத்தைக் கூட்டாது. ஆக, நாலு மணி நேரத்துக்குச் சற்று மேல். 10 மணிக்குக் குடித்தால் 2, 2.30 வாக்கில் ரத்தத்தில் சரக்கு தீர்கிறது. (ஆளின் எடை, சாப்பாடு, பழக்கத்தைப் பொறுத்து முன்பின் ஆகும்.)

தீர்ந்தால் நிம்மதியாகத்தானே தூங்க வேண்டும்? அங்கேதான் சிக்கல். மூளையில் உள்ள ரசாயனங்களில் அடக்கும் வேலை காபாவுக்கு, கிளப்பிவிடும் வேலை குளுட்டமேட்டுக்கு. ஆல்கஹால் முதலாவதைத் தூக்கிவிட்டு இரண்டாவதை அமுக்குகிறது. மூளை சும்மா இருக்காது, சமன் செய்ய எதிர்ப்பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். சரக்கு இறங்கிய பிறகும் அந்தத் தள்ளல் மட்டும் நிற்பதில்லை. படபடப்பு, வியர்வை, முழிப்பு எல்லாம் அதனால்தான்.

கூடவே இன்னொன்று. ஆர்.ஈ.எம். எனப்படும் கனவுத் தூக்கத்தை ஆல்கஹால் முன்னிரவில் குறைத்துவிடும். இயல்பாகவே அது அதிகம் வருவது பின்னிரவில்தான். அதோடு விட்டுப்போனதும் சேர்ந்து வந்தால் கலர் கலராகக் கனவு, தொட்டால் கலையும் தூக்கம். தொண்டைத் தசை தளர்வதால் குறட்டைக்காரர்களுக்கு மூச்சடைப்பும் கூடும்.

'அது தூக்கமே இல்லை, வெறும் மயக்கம்' என்று சிலர் எழுதுவது மிகை. முதல் சில மணி நேரம் ஆழ்ந்த தூக்கத்துக்குரிய மெது அலைகள் மூளையில் உண்மையிலேயே கூடும். அதனால்தான் 'நல்லா வேலை செய்யுது' என்று நம்பத் தோன்றுகிறது. ஆனால் தொடர்ந்து குடித்தால் சில நாட்களிலேயே அந்தப் பலன் மங்கும், கட்டிங் குவாட்டர் ஆகும். குவாட்டர் என்றால் 60 கிராம், எட்டு மணி நேரத்துக்கு மேல். 10 மணிக்கு அதைக் குடித்துவிட்டு அதிகாலை 4 மணிக்கு வண்டி எடுப்பவர், 100 மி.லி. ரத்தத்துக்கு 30 மி.கி. என்ற சட்ட வரம்பைத் தாண்டியே இருக்கக்கூடும்.

தினம் ஒரு கட்டிங் மட்டும்தான், கையில் நடுக்கமும் இல்லை என்றால் பெரும்பாலும் அப்படியே நிறுத்திவிடலாம். முதல் சில இரவுகள் மோசமாகத்தான் இருக்கும். 'சரக்கில்லாமல் நமக்குத் தூக்கம் வராது' என்று பலர் முடிவுகட்டித் திரும்பப் போவது அந்த இரவுகளில்தான். எப்போது தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழுங்கள், பகல் தூக்கம் வேண்டாம். காபியில் தூக்கத்தைக் கெடுக்கும் காஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகவே சுமார் 5 மணி நேரம் ஆகும், அதனால் மதியம் 2 மணியோடு காபி, டீயை முடித்துக்கொள்ளுங்கள். 20 நிமிடம் புரண்டும் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு இடத்தில் உட்கார்ந்துவிட்டு, கண் சொக்கும்போது மட்டும் படுக்கைக்குத் திரும்புங்கள்.

தினமும் குவாட்டர், ஆஃப் என்று போகிறவரும், காலையில் குடிக்காவிட்டால் கை நடுங்குகிறவரும் வீட்டிலேயே திடீரென்று நிறுத்தவே கூடாது. கடைசிக் குடிக்குப் பின் 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் ஆள் அடையாளம் தெரியாத குழப்பமும், இல்லாததைப் பார்ப்பதும் தொடங்கலாம், உயிருக்கே ஆபத்து. மருத்துவமனையில் மாத்திரை கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்கள், தயமினும் (வைட்டமின் பி1) ஏற்றுவார்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, இலவசம், தமிழிலேயே பேசலாம்.

வீட்டில் மிச்சம் கிடக்கும் அல்பிரசோலம் என்ற பதற்றத்துக்கான மாத்திரையைச் சரக்கோடு சேர்த்துப் போடுவதை மட்டும் நினைத்தும் பார்க்காதீர்கள். இரண்டும் ஒரே காபா வழியாக மூளையை அடக்குபவை. சேர்ந்தால் தூக்கத்திலேயே மூச்சு நின்றுபோகலாம்.